ஏழாம் வகுப்பு: பொங்கலை வைத்து நான்கு பாடம் நடத்த யோசனை வேண்டும்

கேள்வி (வகுப்பாசிரியர்_7ஆ)

அரையாண்டு விடுமுறை முடிந்து திறந்தால் பொங்கலுக்கு முன் எட்டு வேலைநாள்தான் கைக்கு வருகிறது. தமிழ், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் நான்கையும் பொங்கலோடு சேர்த்து நடத்தத் திட்டம். கரும்புப் படம் ஒட்டுவதும் ஒரு பக்கக் கட்டுரையும் வேண்டாம், அதெல்லாம் மூன்றாம் வகுப்பிலேயே முடிந்துவிட்டது. எதை எடுக்கலாம், எங்கே சறுக்கும்?

பதில் (புள்ளிக்கணக்கு)

கோலம் என்றாலே சமச்சீர் மட்டும் நடத்திவிட்டுப் போய்விடுகிறோம். அதைத் தாண்டிப் போங்கள். 7 புள்ளி, இடுக்கு (முன்வரிசைப் புள்ளிகளின் இடைவெளியில் வைப்பது) 4 வரை வைத்தால் மொத்தம் 37. புள்ளிக்கு நேரே புள்ளி வைக்கும் நேர்ப்புள்ளியில் 1, 3, 5, 7 என்று ஏறி 5, 3, 1 என்று இறங்கினால் 25, அதாவது 16 + 9. 16, 9 இரண்டும் வர்க்க எண். ஏன் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

புள்ளிகளைச் சுற்றி வளையும் சிக்குக் கோலம் இன்னும் ருசி. 3×4 புள்ளிக்கு ஒரே கம்பி (தொடங்கிய இடத்துக்கே திரும்பும் கோடு), 3×3க்கு மூன்று, 4×6க்கு இரண்டு. கம்பிகளின் எண்ணிக்கைதான் அந்த இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி. ஆனால் அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு நடுவே கம்பிகள் கட்டாயம் குறுக்கே வெட்ட வேண்டும், ஓரத்தில் மட்டுமே வளைந்து திரும்பலாம். நடுவில் ஒரே ஒரு இடத்தில் திருப்பிவிட்டாலும் கணக்கு உதைக்கலாம்.

சதவீதத்துக்கு ஒரு கணக்கு: 22% ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 14% வரை காயவைத்தால் எவ்வளவு மிஞ்சும்? பாதி வகுப்பு 92 என்று சொல்லும். ஈரம் போக உள்ள 78 கிலோ மாறாது. 78 ÷ 0.86 = சுமார் 90.7 கிலோ.

பதில் (ஆய்வகமேசை)

விதைநெல் தேர்வை எடுங்கள். 1 லிட்டர் தண்ணீரில் 150 கிராம் உப்பு; முட்டை மிதந்து ஒரு சின்ன நாணய அளவு மேலே தெரிந்தால் கரைசல் சரி. நெல்லைக் கொட்டிக் கலக்கினால் பதரும் பாதி நிரம்பிய மணியும் மிதக்கும். மூழ்கியதில் 25, மிதந்ததில் 25 எண்ணி எடுத்து, ஒரு நாள் ஊறவைத்து, ஈரத் துணியில் முடிந்து வையுங்கள். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் ஒட்டிய உப்பே முளைப்பைக் கெடுக்கும். புழுங்கிய நெல் முளைக்காது. மருந்து கலந்த விதை பிள்ளைகள் கையில் போகக் கூடாது.

மஞ்சள்தாளும் (மஞ்சள் தடவிய தாள்) செய்யலாம், அரைமணி நேர வேலை. சலவைச் சோப்பு பட்டால் சிவக்கும், எலுமிச்சை விட்டால் மஞ்சளுக்குத் திரும்பும். வெறும் மஞ்சள்தாளில் எலுமிச்சை விட்டு "ஒன்றும் ஆகலை சார்" என்பார்கள். அமிலத்தையும் நடுநிலையையும் மஞ்சள் பிரித்துக் காட்டாது, அதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

பதில் (நிழல்கோல்)

சமூக அறிவியலில் ஒரு எச்சரிக்கை. 'தை 1 அன்று சூரியன் வடக்கே திரும்புகிறது' என்று கரும்பலகையில் எழுதவேண்டாம். திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் நட்சத்திரங்களை வைத்து வரும் நம் மாதக் கணக்கு 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் விலகி, இன்று மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி.

சூரியன் முன்பே திரும்பிவிட்டதை அளந்தே காட்டலாம். 1 மீட்டர் கோலை நட்டு, 12.10 முதல் 12.35 வரை ஐந்து நிமிடத்துக்கொரு முறை குறித்து, மிகக் குட்டையான நிழலை எடுங்கள். திருச்சிப் பக்கம் ஜனவரி 5இல் சுமார் 66 செ.மீ., 13இல் சுமார் 63. கோல் ஒரு பாகை சாய்ந்தாலே ஒன்றேமுக்கால் செ.மீ. போய்விடும், அப்புறம் காட்ட அதிகம் மிஞ்சாது. தூக்குக்குண்டு பிடித்து நடுங்கள்.

பதில் (தமிழ்ஐயா)

உழவு அதிகாரம் முழுக்க ஒப்பிக்க வைக்காமல் 1037ஆம் குறள் ஒன்று போதும். 'தொடிப்புழுதி கஃசா உணக்கின்': தொடி ஒரு பலம் (பழைய எடை அளவு), கஃசு கால் பலம்; அதாவது மண் கால் பங்காகும் வரை காய வேண்டும். 100 கிராம் ஈரமண்ணைத் தட்டில் பரப்பி மூன்று நாள் வெயிலில் வைத்து எடைபோடச் சொல்லுங்கள். வயல்மண் 25 கிராமுக்கெல்லாம் வராது. அப்படியானால் இது அளவா, அழுத்தமா? வாதம் அங்கேயே தொடங்கிவிடும்.

வகுப்பாசிரியர்_7ஆ

நன்றி. விதைநெல்லும் நிழல்கோலும் முதல்நாளே, மண்தட்டு இரண்டாம்நாள். கோலம் கடைசி இரண்டு நாளுக்கு.

ஆய்வகமேசை

மண்தட்டை மாலையில் உள்ளே எடுத்துவையுங்கள். மார்கழிப் பனி ஈரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும்.