வலிப்புக்குப் பின் புரோலாக்டின்: எப்போது ரத்தம் எடுப்பது?

கேள்வி: வலிப்பு வந்து ஒன்றரை மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் புரோலாக்டின் (மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன்; மூளையின் மின் கிளர்ச்சியால் வரும் வலிப்புக்குப் பின் உயரக்கூடியது) இயல்பாக இருக்கிறது. இது மின் கிளர்ச்சி இல்லாத, உளவியல் சார்ந்த வலிப்புதான் என்று சொல்லிவிடலாமா?

பதில் 1: கூடாது. முதல் மாதிரியை 10–20 நிமிடத்தில் எடுத்திருக்க வேண்டும். பிறகு அளவு சரிந்துவிடும். ஒப்பிட, 6 மணி நேரம் கழித்து இன்னொன்று. முதலாவது அதைப்போல் இரு மடங்காவது இருந்தால்தான் கணக்கு. நினைவு தப்பாத சிறு வலிப்பில் பெரும்பாலும் உயராது. ஆகவே இயல்பான அளவு எதையும் மறுக்காது.

பதில் 2: உயர்ந்திருந்தாலும் அவசரப்படாதீர்கள். சாதாரண மயக்கத்திலும் உயரும். ரிஸ்பெரிடோன் (மனநோய் மருந்து), மெட்டோகுளோப்ரமைடு (வாந்தி மருந்து) எடுப்பவர்களுக்கு அடிப்படை அளவே கூடுதலாக இருக்கும். புரோலாக்டினைச் சுரக்கவிடாமல் பிட்யூட்டரியை அடக்கி வைப்பது டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள். இந்த மருந்துகள் அதைத் தடுக்கின்றன. வலிப்பின் மின் கிளர்ச்சி, பிட்யூட்டரியை ஆளும் மூளைப் பகுதியான ஹைபோதலாமஸை எட்டும்போதும் அந்தப் பிடி தளர்கிறது.

கேட்டவர்: நன்றி. நியூரோபெப்டைடு ஒய் (நரம்புகள் சுரக்கும் ஒரு சிறு புரதம்) அளந்தால் உதவுமா?

பதில் 3: ரத்தத்தில் அளந்தால் மூளையின் நிலை தெரியாது, மூளைக்கு வெளியே உள்ள சிம்பதெடிக் நரம்புகளும் (அவசர நிலைக்கு உடலைத் தயார்படுத்துபவை) அதைச் சுரக்கின்றன. ஆனால் மூளையில் அதன் வேலை அழகானது. ஒற்றை நரம்புத் துடிப்புக்கு அது அசையாது. துடிப்புகள் வேகமாகத் தொடர்ந்து, நரம்பு முனையில் கால்சியம் சேர்ந்தால்தான் அதைச் சேமித்து வைத்திருக்கும் பெரிய குமிழ்களிலிருந்து வெளிவரும். வந்ததும் நரம்பு முனையில் உள்ள ஒய்2 ஏற்பி வழியாக, நரம்புகளைத் தூண்டும் வேதிப்பொருளான குளுட்டமேட்டின் சுரப்பைக் குறைக்கும்.