ஆயில் மாற்றும் கடையில் டிரெயின் வாஷரை மாற்றுகிறார்களா, இல்லையா?

ஸ்பேனர்செட் (ஜெயநகர்):
பக்கத்து இழையில் அல்சூர்வாசி எழுதியிருக்கிறார்: "பெங்களூரில் வீட்டிலேயே ஆயில் மாற்றுவது வெட்டி வேலை. அரை மணி நேரத்தில் மாற்றித் தரக் கடை இருக்கிறது. இரண்டும் ஒன்றுதான்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. எப்படி ஒன்றாகும்? பழைய ஆயிலை வடிக்க என்ஜினுக்கு அடியில் கழற்றும் டிரெயின் போல்ட்டுக்கு ஒரு வாஷர், அதாவது சின்ன உலோக வளையம், இருக்கிறது. பல வண்டிகளில் அலுமினியம், சிலவற்றில் செம்பு. போல்ட்டை இறுக்கும்போது அது நசுங்கித்தான் கசிவை அடைக்கிறது. ஒருமுறை நசுங்கியது மறுபடி அதேபோல் நசுங்காது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் புதிது போடச் சொல்கிறார்கள். கடைக்காரர்கள் பழையதையே போட்டு, கசியக் கூடாதென்று காற்றழுத்தத்தில் சுழலும் ஏர் கன்னால் இறுக்குகிறார்கள். ஆயில் தேங்கும் சம்ப் அலுமினியம் என்றால் அதில் போல்ட் ஏறும் மரை போய்விடும். அந்தச் செலவை யார் தருவது?

அல்சூர்வாசி:
பெயர் போட்டுத் தனி இழையே திறந்துவிட்டீர்கள், மகிழ்ச்சி. டயருக்கு நைட்ரஜன் விவாதத்தில் நான் சொன்னது இன்னும் உறுத்துகிறது போல. நான் போகும் கடையில் போல்ட்டையே கழற்றுவதில்லை. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் குச்சி இறங்கும் குழாய் வழியாக மேலிருந்து உறிஞ்சி எடுக்கிறார்கள். கழற்றாத வாஷரை எதற்கு மாற்ற வேண்டும்?

ஸ்பேனர்செட்:
நைட்ரஜனைப் பற்றி அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறேன். சாதாரணக் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். அதற்குக் காசு கொடுத்தது நீங்கள். இப்போது உறிஞ்சுவதற்கு வருவோம். குழாய் சம்ப்பின் அடிமட்டம் வரை போகாத வண்டிகளில் கடைசிக் கசடு அங்கேயே கிடக்கும். வாஷரை மாற்றச் சோம்பல்பட்டுக் கசடை விட்டுவைப்பது பராமரிப்பா?

மீனா_எச்எஸ்ஆர்:
இரண்டு பேருமே சொந்த வீட்டு வாசலில் கார் நிறுத்துகிறவர்கள் போலப் பேசுகிறீர்கள். எங்கள் அடுக்ககத்தில் பேஸ்மென்ட்டில் ஜாக்கியை எடுத்தாலே செக்யூரிட்டி வந்து நிற்பார். தெருவிலோ சரிவு. ஸ்டாண்டு இல்லாமல் வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. அப்புறம், வடித்த ஆயிலை என்ன செய்கிறீர்கள்? மத்திய அரசின் 2016 கழிவு விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. 2024 ஏப்ரலிலிருந்து அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பு ஆயில் தயாரிப்பாளர்களுக்கும் வந்துவிட்டது. உங்கள் கேன் எங்கே போகிறது, ராஜகாலுவே மழைநீர்க் கால்வாய்க்கா?

ஸ்பேனர்செட்:
மேடம், ஒரு சொட்டுகூடச் சாக்கடைக்குப் போவதில்லை. கேனில் பிடித்து, பழைய ஆயிலைச் சேகரிப்பவரிடம் கொடுக்கிறேன். உங்கள் கடைக்காரர் யாரிடம் விற்கிறார் என்று கேட்டிருக்கிறீர்களா? அது இருக்கட்டும், வாஷருக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

வில்சன்கார்டன்_காரேஜ்:
நான் தொழில்காரன், அதனால் சொல்கிறேன் தம்பி. செம்பு வாஷரைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும், தாராளமாகப் போடலாம். அலுமினியமும் முகம் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் கசியாது. வண்டியைக் கெடுப்பது வேறு விஷயங்கள். ஃபில்டரைக் கழற்றும்போது பழைய ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பார்க்காமல் அதன் மேலேயே புது ஃபில்டரைப் போட்டால், வண்டி ஓடும்போது அழுத்தத்தில் ஆயில் பீய்ச்சி அடிக்கும். கடையிலும் நடக்கிறது, வீட்டில் செய்கிறவர்களும் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள். இன்னொன்று ஆயில் கிரேடு. இப்போது வரும் பல பெட்ரோல் வண்டிகளுக்கு 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 என்று மெல்லிய ஆயில்தான். டிபிஎஃப், அதாவது புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி, உள்ள பிஎஸ்6 டீசலுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும், பலவற்றில் சி3 என்ற தரத்தைக் கேட்பார்கள். கடை டிரம்மில் இருக்கும் ஒரே ஆயிலை எல்லா வண்டிக்கும் ஊற்றினால் டிபிஎஃப் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொள்ளும். கேட்க வேண்டியது இதை. வாஷரை இல்லை.

அல்சூர்வாசி:
தொழில் தெரிந்தவரே சொல்லிவிட்டார். வாஷர் கதை முடிந்தது.

ஸ்பேனர்செட்:
முடியவில்லை. "பெரும்பாலும் கசியாது" என்று அண்ணன் எழுதியிருப்பதை மறுபடி படியுங்கள். இருபது முப்பது ரூபாய்ப் பொருளுக்கு நான் ஏன் "பெரும்பாலும்" என்பதை நம்ப வேண்டும்? ஜே.சி. ரோட்டில் எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கிறது. டிரம் ஆயிலும் ஃபில்டர் வளையமும் நான் சொல்வதைத்தானே உறுதிப்படுத்துகின்றன? கண்ணுக்குத் தெரியும் வாஷரிலேயே மிச்சம் பிடிக்கிறவர், தெரியாத ஆயிலில் நேர்மையாக இருப்பாரா?

வில்சன்கார்டன்_காரேஜ்:
வாஷர் போடாதவன் எல்லாம் திருடன் என்கிறீர்களா? உங்களைப் போல வீட்டில் கை வைத்துவிட்டு, மரை போனதும் எங்களிடம் ஓடி வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்திருக்கிறீர்களா, இல்லை கைக்கணக்கா?

ஸ்பேனர்செட்:
டார்க் ரெஞ்ச் இருக்கிறது, மேனுவலில் போட்ட அளவுக்கு மேல் ஒரு நூல்கூடத் திருப்புவதில்லை. உங்கள் காரேஜில் டிரெயின் போல்ட்டுக்கு அதை எடுக்கிறீர்களா? நேராகச் சொல்லுங்கள் அண்ணா.

புதுவண்டி_மாரத்தஹள்ளி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் வண்டி வாரண்டியில் இருக்கிறது. வெளியில் ஆயில் மாற்றினால் வாரண்டி போய்விடும் என்று ஷோரூமில் சொல்கிறார்கள். உண்மையா?

அல்சூர்வாசி:
பொய். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. வெளியில் பழுது பார்த்தார் என்பதற்காக மட்டும் வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்று அந்த ஆணையிலேயே இருக்கிறது.

மீனா_எச்எஸ்ஆர்:
நிறுவனங்கள் அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போனதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதியைச் சொல்லி ஒருவரைக் கடைக்கு அனுப்பாதீர்கள். தம்பி, வாரண்டி முடியும்வரை ஷோரூமிலேயே விடுங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

அல்சூர்வாசி:
நான் பாதி சொல்கிறேனா? குப்பை பிரிக்கும் விவாதத்திலும் என்னை இப்படித்தான் மடக்கப் பார்த்தீர்கள்.

ஸ்பேனர்செட்:
தம்பி, கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் வண்டி நின்றபடி என்ஜின் ஓடும் நேரம் மீட்டரில் ஏறாது, ஆயிலில் ஏறும். இரண்டு மூன்று கிலோமீட்டர் போய் அணைக்கிறவர்களுக்கு ஆயில் சரியாகச் சூடேறாது. உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கிவிடும். பத்தாயிரமோ ஒரு வருடமோ, எது முதலில் வருகிறதோ அதில் மாற்றிவிடுங்கள். நெரிசலிலேயே ஓட்டுகிறவர் இன்னும் சீக்கிரம். ஷோரூமில் விட்டாலும் பில்லில் வாஷர் என்று தனி வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே கேளுங்கள்.

அல்சூர்வாசி:
மறுபடி வாஷர்! தூக்கத்திலும் இதைத்தான் சொல்வார்.

ஸ்பேனர்செட்:
சொல்வேன். என் வண்டியின் கீழ்ப்பக்கம் ஈரம் இல்லாமல் காய்ந்து கிடக்கிறது, படம் போடுகிறேன். நீங்களும் உங்கள் வண்டிக்கு அடியில் குனிந்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்ப்போம்.

அல்சூர்வாசி:
உங்களுக்கு நான் எதற்குப் படம் போட வேண்டும்?

வில்சன்கார்டன்_காரேஜ்:
படத்தில் ஈரம் தெரிந்தால் அது வால்வு கவரிலிருந்தும் வடியும், கிராங்க் சீலிலிருந்தும் வடியும். உடனே வாஷர் என்று ஆரம்பிக்காதீர்கள்.

ஸ்பேனர்செட்:
டார்க் ரெஞ்சுக்கு இன்னும் பதில் வரவில்லை அண்ணா.