இங்கிலாந்து வயல்ல பம்பிள்பீ காணாம போனதுக்கு விவசாயிதான் காரணமா?

கென்ட்வாசி: போன வாரம் கென்ட் கடற்கரையில டஞ்சனஸ் பக்கம் போயிருந்தேன். பம்பிள்பீங்கறது தேனீ ஜாதியில குண்டா, ரோமம் அடர்ந்த ஒரு காட்டுப் பூச்சி. அதுல ஷார்ட் ஹேர்டு பம்பிள்பீன்னு ஒரு இனத்த 1988ல கடைசியா அங்கதான் பாத்திருக்காங்க, 2000ல நாட்டுலயே இல்லன்னு அறிவிச்சுட்டாங்க. மருந்தடிச்சே கொன்னுட்டாங்கன்னுதான் நான் சொல்வேன். மறுக்கிறவங்க வாங்க.

களத்துமேடு: வந்துட்டேன் தம்பி. எதுக்கெடுத்தாலும் விவசாயி தலையிலயா? மருந்துன்னு நீங்க திட்டுறது விதையில தடவுற நியோனிக் பூச்சிக்கொல்லியத்தானே, அது வந்ததே 90கள்ல, உங்க பூச்சி அதுக்கு முன்னாடியே போயாச்சு. அந்த காலத்துல குதிரைத் தீவனத்துக்கும் மண்ணுக்கு தழைச்சத்து ஏத்தவும் சிவப்பு க்ளோவர்ங்கற பூக்குற தீவனச் செடிய விதைப்பாங்க, டிராக்டரும் உர மூட்டையும் வந்ததும் அது எதுக்குன்னு விட்டுட்டாங்க, போதாததுக்கு ரெண்டாம் உலகப்போர்ல அரசாங்கமே காசு குடுத்து புல்வெளிய உழச் சொல்லுச்சு. 1930கள்ல இருந்த பூ நிறைஞ்ச புல்வெளியில 97 சதவீதம் 80கள்லயே காலி. சோறு இல்லாம செத்துச்சுங்க, விஷத்துல இல்ல.

சும்மா_எட்டிப்பாத்தவன்: எங்க வீட்டு முருங்கைப்பூவுக்கு ரீங்காரம் போட்டுட்டு வருமே பெரிய கருவண்டு, அதானா இது?

கணக்குப்புலி: இல்லங்க, அது மரத்துல ஓட்டை போடுற கார்பென்டர் பீ. பம்பிள்பீ நம்ம நாட்டுல இமயமலைப் பக்கம்தான்.

கென்ட்வாசி, களத்துமேடு, நீங்க ரெண்டு பேருமே "பம்பிள்பீ"ன்னு ஒரே மூட்டையா கட்டுறீங்க, அதான் இடிக்குது. ட்ரீ பம்பிள்பீ 2001லதான் இங்கிலாந்துக்குள்ள வந்துச்சு, இப்ப தோட்டத்துக்கு தோட்டம் நிக்குது. குறைஞ்சதுல பெரும்பாலும் க்ளோவர் மாதிரி ஆழமான பூவுல தேன் குடிக்கிற, நாக்கு நீளமான இனங்க. ஸ்வீடன்ல க்ளோவர் வயல்ல 1940கள்ல எண்ணுனதையும் இப்ப எண்ணுனதையும் வச்சு பாத்தாங்க, குட்டை நாக்கு இனம் ரெண்டே ரெண்டு அன்னைக்கு 40 சதவீதம், இப்ப 89. மொத்தத்த மட்டும் எண்ணுனா இது கண்ணுல படவே படாது.

கென்ட்வாசி: சரி, 88ல போனதுக்கு நியோனிக்க காரணம் சொன்னது என் தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா மிச்சம் இருக்கறது? 2012ல ஸ்டிர்லிங் பல்கலைக்கழகத்துல பம்பிள்பீ கூடுகளுக்கு நியோனிக் கலந்த தீனி குடுத்து வெளிய விட்டாங்க, புது ராணிங்க 85 சதவீதம் கம்மி. குளிர்காலத்த தாண்டுறதே ராணி மட்டும்தான், அது இல்லன்னா அடுத்த வருஷம் கூடே கிடையாது.

களத்துமேடு: டப்பால ஊட்டி விட்டா அப்படித்தான் ஆகும்.

கென்ட்வாசி: 2015ல ஸ்வீடன்ல நிஜ ரேப்சீட் (கடுகு இனத்து எண்ணெய் வித்து) வயல்லயே பாத்தாங்கண்ணா. மருந்து தடவுன விதை போட்ட வயல் பக்கம் பம்பிள்பீ கூடு வளர்ச்சி ரொம்ப குறைஞ்சுச்சு. தேனீக்கு பெருசா ஒண்ணும் ஆகல, பாதிச்சது காட்டுப் பூச்சிங்களத்தான்.

களத்துமேடு: அதான் 2018ல ஐரோப்பா திறந்த வயலுக்கு தடை போட்டாச்சே. அப்புறமும் 2024ல பிரிட்டன்ல பம்பிள்பீ முந்தைய வருஷங்களோட சராசரிய விட கிட்டத்தட்ட கால்வாசி கம்மின்னு எண்ணிக்கை வந்துச்சே, எப்படி?

கணக்குப்புலி: அந்த வசந்தம் ஒரே மழை, குளிர். ஒரு வருஷத்த வச்சு ரெண்டு பக்கமும் குதிக்காதீங்க. தவிர தடைக்கு அப்புறமும் இங்கிலாந்துல சர்க்கரை பீட்டுக்குன்னு 2021லருந்து 2024 வரைக்கும் நாலு வருஷம் நியோனிக்குக்கு அவசர அனுமதி குடுத்தாங்க.

களத்துமேடு: பீட் பூக்குறதுக்கு முன்னாடியே பிடுங்கிடுவாங்க சார்!

கென்ட்வாசி: மருந்து மண்ணுல தங்கி வரப்போரப் பூவுல ஏறுதே. சரி விடுங்க, 2012ல ஸ்வீடன்லருந்து அந்த ஷார்ட் ஹேர்டு இனத்து ராணிகள கொண்டுவந்து டஞ்சனஸ்லயே விட்டாங்க, அதுக்காக சுத்துவட்டார விவசாயிங்க பூ விதைச்சாங்க, ரொம்ப வருஷமா காணாத வேற அரிய பம்பிள்பீ கூட அந்தப் பக்கம் திரும்பி வந்துச்சு.

களத்துமேடு: பாத்தீங்களா, விதைச்சது யாரு? அந்த நிலத்துல கோதுமை போட்டிருந்தா வந்திருக்கும் காச யாரு குடுப்பா, அதுக்கு பதில் சொல்லுங்க தம்பி.