சால்ஸ்பர்க் 2 நாள் பிளான், சரியாக வருமா? அவசரம்

காபி_குடிகாரன்:
எல்லோருக்கும் வணக்கம். இந்த வாரக் கடைசியில்தான் முடிவு செய்தோம், ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் போகிறோம், சனி ஞாயிறு. பிளான் நானே போட்டுவிட்டேன், சரியா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். சனிக்கிழமை காலை கோட்டை, மொசார்ட் வீடு, மிராபெல் தோட்டம். மதியம் ஹெல்புருன் அரண்மனை நீர் விளையாட்டு, அங்கிருந்து அப்படியே உன்டர்ஸ்பெர்க் மலைக்கு ரோப் கார். ஞாயிறு காலை ஹால்ஸ்டாட் ஏரிக்கரைக் கிராமம், திரும்பும் வழியில் ஷாஃப்பெர்க் மலைக்குப் பல்சக்கர ரயில், நேரம் மிச்சமிருந்தால் வெர்ஃபன் பனிக்குகை. சால்ஸ்பர்க் கார்டு 48 மணி நேரத்துக்கு வாங்குவதா, தனித்தனியாக டிக்கெட் எடுப்பதா? இன்று இரவே புக் பண்ண வேண்டும், கொஞ்சம் சீக்கிரம்.

ரயில்பூச்சி:
எங்கிருந்து வருகிறீர்கள்? காரா, ரயிலா? எத்தனை பேர்? எந்தத் தேதி? இது எதுவும் தெரியாமல் பிளான் சரியா என்று கேட்டால் என்ன சொல்வது?

மலைக்கிறுக்கன்:
ஊருக்குள் ஒன்றுமில்லை நண்பரே, கோட்டையைக் கீழே ஆற்றோரத்தில் நின்று பார்த்தாலே போதும். சனி முழுக்க உன்டர்ஸ்பெர்க்குக்குக் கொடுங்கள். ரோப் காரில் ஏறினால் மேல் நிலையம் 1,776 மீட்டர், அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் கையெரெக் உச்சி, ஒரு பக்கம் ஜெர்மனியின் பவேரியா மாநிலம், இன்னொரு பக்கம் ஊர் முழுக்க. ஞாயிறு வெர்ஃபன் குகை. 42 கிலோமீட்டர் நீளக் குகை அது, உலகத்திலேயே பெரிய பனிக்குகை, உள்ளே 700 படி ஏற வேண்டும், அதே 700 இறங்க வேண்டும், ஆகஸ்ட் மாதத்திலும் உள்ளே பூஜ்ஜியம் டிகிரிதான். இதைப் போய் "நேரம் மிச்சமிருந்தால்" என்று எழுதியிருக்கிறீர்களே, மனசு கேட்கவில்லை.

நாடோடி_72:
தம்பி, உன் பிளானைப் பார்த்தேன். வரைபடத்தை ஒரு தடவையாவது திறந்து பார்த்தாயா? ஹால்ஸ்டாட் கிழக்கே, வெர்ஃபன் தெற்கே. ஷாஃப்பெர்க் ரயில் கிளம்புவது சாங்க்ட் வொல்ஃப்காங்கிலிருந்து, அதைத் "திரும்பும் வழி" என்று யார் சொன்னது? சால்ஸ்பர்க்கிலிருந்து ஹால்ஸ்டாட்டுக்கு ரயிலில் போனால் ஆட்னாங்-புக்ஹைமில் மாறி, ஸ்டேஷனில் இறங்கி, எதிர்க்கரைக்குப் படகு பிடித்து, ஒரு வழிக்கே இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். நான் இந்தப் பக்கம் எத்தனை தடவை போயிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. இப்போது வருபவர்கள் நாலு வீடியோ பார்த்துவிட்டு ஆறு இடத்தை எழுதிக்கொண்டு கிளம்பிவிடுகிறீர்கள். எல்லா இடத்துக்கும் "போனோம்" என்று சொல்லிக்கொள்ளலாம், எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

தோசைக்கல்:
சைவமா அசைவமா என்று யாருமே கேட்கவில்லையே. அதுதான் முதல் பிரச்சனை.

காபி_குடிகாரன்:
நன்றி நன்றி. முனிக்கிலிருந்து ரயில், கார் இல்லை. நான், அப்பா, அம்மா. ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள், அம்மாவுக்கு முட்டி வலி உண்டு, ஆனால் மெதுவாக நடப்பார். சைவம், முட்டையும் கிடையாது. அப்பாவுக்கு ஹெல்புருன் கண்டிப்பாகப் பார்க்க வேண்டுமாம். கார்டு வாங்கவா வேண்டாமா?

மலைக்கிறுக்கன்:
முட்டி வலியா! முதலிலேயே சொல்லக்கூடாதா? குகையை மறந்துவிடுங்கள். உன்டர்ஸ்பெர்க் ரோப் காரில் ஏறி மேலே உட்கார்ந்து காபி குடித்துவிட்டு இறங்கலாம், அது முடியும்.

ரயில்பூச்சி:
தேதி? தேதி சார்?

தோசைக்கல்:
முட்டையும் இல்லை என்றால் கவனமாகக் கேளுங்கள். மெனுவில் "காய்கறி சூப்" என்று இருக்கும், அடியில் மாட்டு எலும்புச் சாறு இருக்கும், கேட்டால்தான் சொல்வார்கள். சீஸ் போட்ட ஸ்பெட்ஸ்லே என்று நூடுல்ஸ் மாதிரி ஒன்று சைவம் என்று தருவார்கள், அந்த மாவிலேயே முட்டை. சால்ஸ்பர்கர் நொக்கெர்ல் என்று மூன்று மலை மாதிரி பொங்கி வரும் இனிப்பு, ஊர் பெருமை அது, முழுக்க முட்டை வெள்ளைக்கரு. எங்கள் அத்தை வந்தபோது முதல் நாள் மூன்று வேளையும் உருளைக்கிழங்கும் பிரெட்ஸெலும்தான். இரண்டாம் நாள் விவரமாகிவிட்டோம், எலக்ட்ரிக் கெட்டில், அவல், ஊறுகாய். சனிக்கிழமை காலை சாங்க்ட் பீட்டர் மடத்துப் பேக்கரிக்குப் போங்கள், கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில், வாசலில் தண்ணீர்ச் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். விறகு அடுப்பில் சுட்ட புளிப்பு ரொட்டி, உருண்டையாக, கனமாக, மேலே மாவு ஒட்டியிருக்கும். கையில் வாங்கினால் சூடு பைக்குள் இறங்கும். ஞாயிறு பூட்டியிருக்கும். ஞாயிறு ஊரில் சூப்பர் மார்க்கெட்டும் கிடையாது, பெரிய ரயில் நிலையத்துக்குள் ஒன்று திறந்திருக்கும், தயிர் அங்கே வாங்கிக்கொள்ளுங்கள்.

நாடோடி_72:
கார்டு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் யாரும் வரப்போவதில்லை. அந்தக் கார்டில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தடவை நுழைவு, நகரப் பேருந்து, கோட்டை ரயில், உன்டர்ஸ்பெர்க், ஹெல்புருன் எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் போனால்தான் லாபம். அப்புறம் 2025 மே மாதத்திலிருந்து சால்ஸ்பர்க் மாநிலத்தில் ஓட்டலில் தங்குபவர்களுக்கு விருந்தினர் பயணச் சீட்டு தருகிறார்கள், வந்த நாளிலிருந்து கிளம்பும் நாள் வரை மாநிலத்துக்குள் பேருந்து, உள்ளூர் ரயில் எல்லாம் அதிலேயே. ஓட்டலில் கேட்டு வாங்கு தம்பி, கேட்காதவர்களுக்கு யாரும் எடுத்து நீட்ட மாட்டார்கள். ஹால்ஸ்டாட் இருப்பது அப்பர் ஆஸ்திரியா என்ற வேறு மாநிலத்தில், அங்கே இது செல்லாது.

ரயில்பூச்சி:
முனிக்கிலிருந்து பயர்ன் டிக்கெட், அதாவது பவேரியா ஒரு நாள் சீட்டு எடுங்கள், மூன்று பேருக்கும் ஒரே சீட்டு, சால்ஸ்பர்க் மெயின் ஸ்டேஷன் வரை செல்லும். பவேரியா பெயரில் இருந்தாலும் எல்லை தாண்டி அந்த ஒரு ஸ்டேஷன் உண்டு. வார நாளில் காலை 9 மணிக்கு மேல்தான், சனி ஞாயிறு அந்தக் கட்டுப்பாடு இல்லை. உள்ளூர் ரயிலில் மட்டும், ரெயில்ஜெட் என்ற விரைவு ரயிலில் ஏறிவிடாதீர்கள். அப்பா அம்மா விசா எந்த வகை? பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். மூன்றாவது தடவை கேட்கிறேன், தேதி?

காபி_குடிகாரன்:
நவம்பர் 15, 16. விசா ஜெர்மனி ஒற்றை நுழைவு. ஆஸ்திரியா போய்த் திரும்பினால் இரண்டாவது நுழைவு ஆகிவிடுமா??

ரயில்பூச்சி:
நவம்பரா!!

மலைக்கிறுக்கன்:
ஐயோ. நான் எழுதியதை எல்லாம் அழித்துவிடுங்கள். உன்டர்ஸ்பெர்க் ரோப் கார் நவம்பரில் பராமரிப்புக்கு நிற்கும். ஷாஃப்பெர்க் ரயிலும் பனிக்குகையும் நவம்பர் நடுவில் கிடையாது. வொல்ஃப்காங் ஏரிப் படகும் அப்படித்தான்.

நாடோடி_72:
ஹெல்புருன் நீர் விளையாட்டு நவம்பர் தொடக்கத்தோடு முடிந்தது. தண்ணீர்க் குழாய் உறைந்தால் 400 வருடப் பொம்மை எல்லாம் போச்சு, மார்க்குஸ் சிட்டிகுஸ் பேராயர் விருந்தாளிகள்மேல் தண்ணீர் அடித்து விளையாடக் கட்டிய இடம் அது, நவம்பரில் அடித்தால் விருந்தாளிக்கு ஜன்னிதான். கிறிஸ்துமஸ் சந்தை அடுத்த வாரம்தான் ஆரம்பம். கோடையும் முடிந்து, கொண்டாட்டமும் தொடங்காத, சரியாக அந்தப் பொந்தில் போய் விழுந்திருக்கிறாய். பரவாயில்லை, ஓட்டல் மலிவாகக் கிடைத்திருக்குமே, ஏன் மலிவு என்று யோசித்திருக்கலாம்.

ரயில்பூச்சி:
அவரை விடுங்கள். விசாவுக்குப் பதில்: இரண்டு நாடும் ஷெங்கன், அதாவது ஒரே விசா செல்லும் பகுதி, உள்ளுக்குள் நகர்வது புது நுழைவு ஆகாது, ஒற்றை நுழைவு போதும். ஆனால் திரும்பும்போது எல்லை ஸ்டேஷனான ஃப்ரைலாஸ்ஸிங்கில் ஜெர்மன் போலீஸ் ரயிலில் ஏறுவார்கள், 2015 முதல் அப்படித்தான். பாஸ்போர்ட் அசல் வேண்டும், போனில் இருக்கும் படம் உதவாது. உங்கள் ரெசிடென்ஸ் கார்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

தோசைக்கல்:
அப்பாவுக்கு ஹெல்புருன் இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? சரி, ஊருக்குள்ளேயே இரண்டு நாள் ஓட்டலாம், அப்புறம் மொசார்ட் உருண்டை மறக்காதீர்கள்.

மலைக்கிறுக்கன்:
எந்த மொசார்ட் உருண்டை? ஏர்போர்ட்டில் கிடைக்கும் சிவப்பும் தங்கமுமா?

தோசைக்கல்:
அது இல்லை. 1890ல் பால் ஃபுர்ஸ்ட் என்ற மிட்டாய்க்காரர் செய்தது. இன்றும் கையாலேயே செய்கிறார்கள், உள்ளே பிஸ்தா மார்ஸிபான் (பாதாம் சர்க்கரை விழுது), சுற்றி நுகட் (கொட்டைப் பருப்பு சாக்லேட் விழுது), குச்சியில் குத்தி டார்க் சாக்லேட்டில் முக்கி எடுப்பார்கள், குச்சி உருவிய ஓட்டையையும் சாக்லேட்டால் அடைப்பார்கள். வெள்ளிக் காகிதத்தில் நீல எழுத்து. அவர் காப்புரிமை எடுக்கவில்லை, ஊரெல்லாம் செய்ய ஆரம்பித்தார்கள், கடைசியில் "ஒரிஜினல்" என்ற சொல்லுக்காகக் கோர்ட்டுக்குப் போக வேண்டியதாயிற்று.

நாடோடி_72:
உருண்டைக்கு இவ்வளவு சண்டை. ஆஸ்திரியாவே மொசார்ட்டைச் சொந்தம் கொண்டாடுவதுதான் பெரிய வேடிக்கை. 1756ல் அவர் பிறந்தபோது சால்ஸ்பர்க் ஆஸ்திரியாவில் இல்லை, பேராயரே ராஜாவாக இருந்த தனி நாடு. நிரந்தரமாக ஆஸ்திரியாவுக்கு வந்தது 1816ல். அப்பா லியோபோல்ட் ஆக்ஸ்பர்க் ஆள், அதாவது ஜெர்மன்.

மலைக்கிறுக்கன்:
அம்மா பிறந்தது சாங்க்ட் கில்கென், வொல்ஃப்காங் ஏரிக்கரை. அம்மாவைக் கணக்கில் எடுக்க மாட்டீர்களா?

நாடோடி_72:
அதுவும் அன்றைக்குப் பேராயர் நாடுதான், ஆஸ்திரியா இல்லை.

தோசைக்கல்:
மொசார்ட்டே ஊரை வெறுத்தவர். 1781ல் பேராயரிடம் பார்த்த வேலையை அவர் விட்டபோது, பேராயரின் ஆள் ஆர்கோ பிரபு பின்னால் உதைத்து அனுப்பினார். உதைத்த ஊரே இன்று அவர் முகத்தைச் சாக்லேட்டில் ஒட்டி விற்கிறது.

நாடோடி_72:
உதை விழுந்தது வியன்னாவில். பேராயர் அப்போது அங்கே இருந்தார். எழுதுவதைச் சரியாக எழுது.

ரயில்பூச்சி:
நண்பர்களே, ஒருவர் உதவி கேட்டிருக்கிறார். காபி, நான் இருந்தால் இப்படிப் போவேன். சனி காலை பத்துக்குள் வந்துவிடுங்கள், பையை ஓட்டலில் வைத்துவிட்டு, மிராபெல் வழியாக நடங்கள், பூ இருக்காது, ஆனால் அந்தத் தோட்டத்தின் அச்சு நேராகக் கோட்டையைப் பார்த்து இருக்கும், அதற்குக் காசும் இல்லை. மொசார்ட்டுக்கு இரண்டு வீடு. பிறந்த வீடு கெட்ரைடெகாசெ 9, மூன்றாம் மாடியில் குடியிருந்தார்கள், படி உண்டு. பிற்பாடு குடிபோனது மகார்ட் சதுக்கத்தில், மிராபெலுக்குப் பக்கம், முதல் மாடி. அம்மாவுக்கு அதுதான் சரி. பிறந்த வீட்டை வாசலில் நின்று மஞ்சள் சுவரோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மதியம் கோட்டை ரயில், ஒரு நிமிடம்தான், ஆனால் மேலே உள்ளே எல்லாம் கல் பதித்த சரிவு, ஈரமானால் வழுக்கும், ரப்பர் அடி ஷூ அவசியம். நான்கரைக்கெல்லாம் இருட்டிவிடும், அதனால் கோட்டையை இரண்டு மணிக்கு மேல் தள்ளாதீர்கள். கார்டு 24 மணி நேரத்துக்கு எடுத்தால் போதும், சனி மட்டும்.

மலைக்கிறுக்கன்:
மழை வரும். அங்கே அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள், நூல் மழை என்று சொல்வது போல, மெல்லிசாக, விடாமல். குடை போதாது, அம்மாவுக்கு ரெயின்கோட். பேராயர் மாளிகையையும் தேவாலயத்தையும் இணைத்து ஒரே டிக்கெட்டில் டோம்குவார்டியர் என்று வைத்திருக்கிறார்கள், நனையாமல் சுற்றலாம், கார்டிலும் வரும். (மலையைத் தவிர நான் எழுதும் முதல் பரிந்துரை இது.)

ரயில்பூச்சி:
ஞாயிறு காலை 10 மணிக்குப் பெரிய தேவாலயத்தில் இசையோடு பூசை நடக்கும், யார் வேண்டுமானாலும் பின்னால் உட்காரலாம். முடிந்ததும் வாசலில் நுழைந்தால் இடது பக்கம் வரும் இடத்தைப் பாருங்கள், வெண்கல ஞானஸ்நானத் தொட்டி, நாலு சிங்கத்தின்மேல் நிற்கும், மொசார்ட்டுக்கு அதில்தான் பெயர் வைத்தார்கள். பிறகு 150 பேருந்தில் சாங்க்ட் கில்கென் போய் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வாருங்கள், விருந்தினர் சீட்டே போதும், தரை சமம். ஹால்ஸ்டாட் வேண்டாம், ஐந்து மணி நேரம் வண்டியிலேயே போய்விடும், பகல் வெளிச்சமே ஒன்பது மணி நேரச் சொச்சம்தான்.

நாடோடி_72:
கோனிக்ஸே ஏரிக்குப் போகலாமே. படகு நவம்பரிலும் ஏரிக்கரைத் தேவாலயமான பார்தொலோமே வரை ஓடும், நடு ஏரியில் நிறுத்தி ஊதுகுழல் வாசிப்பார்கள், பாறையில் எதிரொலிக்கும்.

ரயில்பூச்சி:
முனிக்கில் இருப்பவர் ஜெர்மனியில் இருக்கும் ஏரிக்குச் சால்ஸ்பர்க் வழியாகப் போவானேன்? அதை வேறு ஒரு நாள் வீட்டிலிருந்தே போகட்டும்.

நாடோடி_72:
நான் சொல்வதைச் சொன்னேன். கேட்பது கேட்காதது அவன் இஷ்டம்.

தோசைக்கல்:
காபி, அப்பாவிடம் சொல்லியாயிற்றா?

காபி_குடிகாரன்:
மன்னிக்கவும், வேலையில் மாட்டிக்கொண்டேன், இங்கே எழுத முடியவில்லை. போய் வந்துவிட்டோம். அப்பா கேட்கவில்லை, ஞாயிறு மதியம் ஏரியை விட்டுவிட்டு 25ஆம் நம்பர் பேருந்தில் ஹெல்புருன் போனோம். பூங்கா திறந்திருந்தது, காசில்லை, நீர் விளையாட்டுக் கதவு மட்டும் பூட்டு. இடுக்கு வழியாகப் பார்த்தார், கல் மேசையும் ஸ்டூலும் காய்ந்த இலையோடு கிடந்தன. "இந்த ஸ்டூலில்தானே தண்ணீர் வரும்" என்று கேட்டார், ஆமாம் என்றேன், அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. ஓட்டலில் சீட்டைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது, நாடோடி அண்ணா சொன்னது சரி. இரண்டு நாளும் மழை. அம்மாவுக்கு அந்த ரொட்டி மிகவும் பிடித்துவிட்டது, ஊறுகாயோடு. எல்லோருக்கும் நன்றி.

ரயில்பூச்சி:
மகிழ்ச்சி. திரும்பும்போது பாஸ்போர்ட் கேட்டார்களா? அடுத்த மாதம் என் மாமனாரை அழைத்துக்கொண்டு போகிறேன், அதற்காகக் கேட்கிறேன்.

ரயில்பூச்சி:
காபி?