மீந்த துணிப் போர்வை: ரேயான் துண்டு இழுபடுகிறது, வழி சொல்லுங்களேன்

வணக்கம் தோழமைகளே. மீந்த துணிகளை 5 இஞ்ச் சதுரமாக வெட்டித் தைக்கிறேன். நாலு பக்கமும் கால் இஞ்ச் தையலுக்குப் போக 4½ இஞ்ச் நிற்கும். 12க்கு 14 என 168 துண்டு வைத்தால் 54க்கு 63 இஞ்ச் போர்வை. காட்டனில் தொல்லையே இல்லை. ஒரு வரிசையின் தையல் மடிப்பை வலப்பக்கமும் அடுத்ததை இடப்பக்கமும் படிய இஸ்திரி போட்டால் மூலைகள் அப்படியே கச்சிதமாகக் கூடுகின்றன.

சிக்கல் ரேயானில்தான். காட்டனோடு சேர்த்துத் தைக்கும்போது இழுபட்டு, முடிகிற இடத்தில் ரேயான் ஒரு நூல் அளவு நீண்டு நிற்கிறது. கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டிய துண்டென்றால் இன்னும் மோசம். ரேயானை அடியில், துணியை நகர்த்தும் மிஷின் பல்லின் மேல் வருமாறு வைத்தால் கொஞ்சம் அடங்குகிறது, முழுசாக இல்லை. சுருக்கத்துக்குப் பயந்து எல்லாத் துணியையும் முன்பே நனைத்துக் காயவைத்தாச்சு.

மிச்ச ரேயானை வெட்டுவதற்கு முன் கெட்டியாகக் கஞ்சி போட்டால் போதுமா, இஸ்திரியில் ஒட்டும் மெல்லிய கேன்வாஸ் வேண்டுமா? கேன்வாஸ் ஒட்டினால் போர்வை விறைத்து, உடம்போடு ஒட்டாமல் நிற்குமோ என்று தயக்கம். கஞ்சி துவைத்ததும் போய்விடும். அதற்குள் மேல்துணி, நடுப் பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்துவிட்டால் துணி நகராது என்று நினைக்கிறேன். இரண்டையும் செய்து பார்த்தவர்கள், துவைத்த பிறகு எப்படி இருந்தது என்று அவசியம் சொல்லுங்கள்.