மறு: அற்றைப்பொருளா, அன்றைப்பொருளா? நாளைக்குள் சொல் வேண்டும்

நண்பர்களே,

நாளை மறுநாள் வகுப்பு. பாடக்குறிப்பில் இரண்டு கொள்கைகள் மோதுகின்றன. அரசியலமைப்பை எழுதியபோது ஒரு சொல்லுக்கு என்ன பொருளோ அதுவே இன்றும் என்பது ஒன்று. காலத்தோடு பொருளும் மாறும் என்பது மற்றது. முதலாவதற்கு ‘மூலப்பொருள்வாதம்’ என்று போட்டேன். “ஆலைக்கு வாங்குவதா?” என்கிறார் ஒரு மாணவர்.

எடுத்துக்காட்டு கனடா வழக்கு. அந்நாட்டின் 1867ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் ‘நபர்’ என்ற சொல்லில், செனட் பதவிக்குப் பெண்ணும் அடக்கமா? 1928இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. 1929இல், கனடாவுக்கு அப்போது இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் உண்டு என்றது. அரசியலமைப்பு உயிருள்ள மரம் என்றும் சொன்னது.

*

அம்மா,

‘மூலம்’ வடசொல். மருத்துவரிடம் காட்டவேண்டியதும்கூட. பாரி மகளிரின் ‘அற்றைத் திங்கள்’ இருக்க ஏன் அலைய வேண்டும்? பண்டு பண்டையானதுபோல அன்று அற்றையாகும். அற்றைப்பொருள்கோள், இற்றைப்பொருள்கோள். அதே நிலவு, நிலைமைதான் வேறு. உங்கள் பாடமே அதுதானே!

*

ஐயா, அழகுதான். ஆனால் அற்றைப்பொருள் என்றால் பொருளற்றது என்றும், இற்றைப்பொருள் என்றால் இற்றுப்போனது என்றும் பிள்ளைகள் எழுதிவைப்பார்கள். பொருள்கோளோ செய்யுளில் சொற்களைக் கூட்டும் முறை. சில நீதிபதிகள் கொண்டுகூட்டுவது வேறு விஷயம். ‘எழுதியகாலப் பொருள்’, ‘வளரும் பொருள்’ போதும்.

*

> வளரும் பொருள்

இதிலேயே தீர்ப்பு எழுதிவிட்டீர்களே! வளர்ச்சியை யார் வேண்டாம் என்பார்? முதல் கட்சியார் மாற்றத்துக்கு எதிரிகள் இல்லை. மாற்றவேண்டுமா, திருத்தம் கொண்டுவா, நீதிபதி அகராதியில் கைவைக்காதே என்கிறார்கள். அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமை 1920இல் 19ஆவது திருத்தமாகத்தான் வந்தது. ‘பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல’ என்ற நன்னூலார், கழிப்பது யார் என்று சொல்லவில்லை.

*

முன்தீர்ப்பைக் கழிப்பது நீதிமன்றம்தான், வேறு யார்? நிறம் பார்த்துப் பிரித்துவைத்தாலும் சமமே என்ற 1896ஆம் ஆண்டு அமெரிக்கத் தீர்ப்பு, பள்ளிகளில் செல்லாது என்று ஆக 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த 58 ஆண்டில் எந்தத் திருத்தமும் வந்து அதை நீக்கவில்லை. அந்தப் பிள்ளைகளிடம் போய் அகராதியில் கைவைக்க மாட்டோம் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

அப்புறம், பின்வரும் வழக்குகளுக்கு வழிகாட்டும் முந்தைய தீர்ப்பைப் பாடக்குறிப்பில் ‘முன்னுதாரணம்’ என்று போட வேண்டாம். உதாரணத்தைப் பின்பற்றலாம், விடலாம். மேல்நீதிமன்றத்தின் முன்தீர்ப்பு கீழ்நீதிமன்றத்தைக் கட்டும்.

*

சரி, அச்சுக்கு நேரமாகிவிட்டது. ‘முன்தீர்ப்பு’ அப்படியே. மற்றவை ‘அன்றைப்பொருள் கொள்கை’, ‘இன்றைப்பொருள் கொள்கை’. மூன்று பேர் பரவாயில்லை என்றீர்கள், ஒருவர் பதிலே போடவில்லை. அதையும் ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன்.

*

அம்மா, என் வாக்கு அற்றைக்கே. மாறுபட்ட தீர்ப்பாகப் பதிவாகட்டும். அது கிடக்க, ‘நபர்’ அரபுச் சொல் என்பதை யாருமே கவனிக்கவில்லையா? ‘ஆள்’ என்றால் என்ன குறைந்துவிடும்?