பைடார்ச்: லாஸ் 0.75-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது

மேலூர் பையன்:
வணக்கம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் என் மாமா கடை வைத்திருக்கிறார். காலையில் வந்து இறங்கும் மல்லிகையைப் போனில் படம் எடுத்து, மொட்டு, பாதி விரிந்தது, மலர்ந்தது என்று மூன்றாகப் பிரிக்க, பைடார்ச் என்ற பைத்தான் நூலகத்தில் ஒரு மாடலைப் பழக்குகிறேன். மொத்தம் 600 படம். கடைசி அடுக்கில் சாஃப்ட்மேக்ஸ் (மாடலின் மதிப்பெண்களைக் கூட்டினால் 1 வரும் பங்குகளாக மாற்றுவது), அதன் பிறகு கிராஸ்என்ட்ரோபிலாஸ் (மாடல் எவ்வளவு தப்புகிறது என்று அளக்கும் லாஸ்). லேபிளை, அதாவது ஒவ்வொரு படமும் எந்த வகை என்ற எண்ணை, 1, 2, 3 என்று கொடுத்து முதலில் எரர் வாங்கினேன். 0, 1, 2 என்று மாற்றியதும் ஓடிவிட்டது.

லாஸ் 1.09-இல் தொடங்கியது, நாலைந்து சுற்றில் 0.75-க்கு வந்தது, அப்புறம் அசையவே இல்லை. லேர்னிங் ரேட்டை (ஒவ்வொரு தடவையும் மாடல் தன்னை எவ்வளவு திருத்திக்கொள்கிறது என்பதை) கூட்டினேன், குறைத்தேன், ராத்திரி முழுக்க 100 சுற்று ஓட்டினேன். அதே 0.7514. துல்லியம் மட்டும் 80 சதவீதம் காட்டுகிறது. மாடல் படிக்கிறதா இல்லையா?

வைகைக்கரை:
தம்பி, படங்களில் ஐந்தில் நாலு மொட்டுதானே?

மேலூர் பையன்:
ஆமாம் அண்ணே, 480 மொட்டு, 80 பாதி விரிந்தது, 40 மலர்ந்தது. மல்லியை மொட்டாகத்தானே பறித்துக் கொண்டு வருகிறார்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

வைகைக்கரை:
உங்கள் 0.7514-தான் சொன்னது.

பைடார்ச்சின் கிராஸ்என்ட்ரோபிலாஸ் தனக்குள்ளேயே சாஃப்ட்மேக்ஸ் போட்டு மடக்கை எடுத்துக்கொள்ளும். நீங்களும் ஒரு தடவை போட்டதால் இரண்டு தடவை ஆகிவிட்டது. மாடல் மொட்டுதான் என்று அடித்துச் சொன்னால் அது தருவது 1, 0, 0. அதன் மேல் மறுபடி சாஃப்ட்மேக்ஸ் போட்டால், e-இன் அடுக்குகளாக 2.718, 1, 1, கூட்டினால் 4.718. மொட்டின் பங்கு 0.576-தான். அதன் இயல் மடக்கையைக் குறி மாற்றினால் லாஸ் 0.5514. எவ்வளவு சரியாகச் சொன்னாலும் இதற்குக் கீழே போக வழியே இல்லை. தப்பாக அடித்துச் சொன்னால் 1.5514, சரியாக 1 கூடுதல். எல்லாப் படத்துக்கும் மொட்டு என்று சொன்னால் ஐந்தில் ஒன்று தப்பு, ஆக 0.5514 + 0.2. உங்கள் எண் வந்துவிட்டது. அந்த 80 சதவீதமும் அதேதான்.

தொடக்கத்து 1.09-இல் தப்பில்லை. மூன்று வகைக்கும் சமமாகப் பிரித்தால் 3-இன் இயல் மடக்கை, 1.0986 வரும்.

சாஃப்ட்மேக்ஸ் அடுக்கை எடுத்துவிடுங்கள். திரையில் சதவீதம் காட்டும்போது மட்டும் தனியாகப் போட்டால் போதும்.

திருமங்கலம் அக்கா:
அதை மட்டும் எடுத்தால் போதாது தம்பி. லாஸ் ஃபங்ஷனில் வெயிட் என்று ஒன்று இருக்கிறது, எந்த வகையில் தப்பினால் எவ்வளவு பெரிய தப்பு என்று சொல்வது. 1, 6, 12 கொடுத்துப் பாருங்கள், எண்ணிக்கைக்குத் தலைகீழாக. ஆனால் வெயிட் போட்ட லாஸைப் பழைய லாஸோடு ஒப்பிடாதீர்கள், அது வெயிட்டுகளின் கூட்டுத்தொகையால் வகுத்து வருவது. துல்லியத்தையும் மொத்தமாகப் பார்க்காமல், வகை வாரியாக எதை எதுவென்று சொல்கிறது என்று கட்டம் போட்டுப் பாருங்கள்.

மேலூர் பையன்:
இரண்டையும் செய்தேன். லாஸ் 0.2-க்கு வந்துவிட்டது! மலர்ந்ததில் குழப்பமே இல்லை. பாதி விரிந்ததைத்தான் இன்னும் மொட்டு என்கிறது. அப்படித் தப்பான படங்களை மாமாவிடம் காட்டினேன். மூன்று படத்தைப் பார்த்துவிட்டு, "இது மொட்டுதான்டா, எவன் பாதி விரிஞ்சதுன்னு சொன்னான்?" என்றார். லேபிள் போட்டது நான்தான் அக்கா.